முதுமைக்கு உகந்த ஊர் எது?

மைசூரு, 'ஓய்வூதியர்களின் சொர்க்கம்' என்று புகழப்படும் நகரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால், கோடையும் இங்குச் சென்னையைப்போல் வாட்டுவதில்லை. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை உலாவுக்கு ஏற்ற நடைபாதை உண்டு. மரநிழல் படர்ந்த சாலைகள் உண்டு. பணி ஓய்வு பெற்றோர் பலர் இவ்வூரைத் தேடிவந்து குடியேறுவதில் வியப்பில்லை.

பணி மாறுதலில் இங்கு வந்த நானும், முதுமைக்கு இதைவிட நல்ல ஊர் இல்லை என்றே எண்ணினேன். சென்னைத் திருவல்லிக்கேணியில் தனியே வாழ்ந்த, எழுபது வயது கடந்த என் தாயாரை உடன் அழைத்து வந்தேன். நான்கு திங்கள் கழிந்தன. ஒருநாள் மாலை அவர், "இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லையம்மா. ஆனால், என்னால் யாருக்கும் ஆகவேண்டியது ஒன்றும் இல்லையே! நான் ஊருக்கே போகிறேன்" என்றார்.

அச்சொல் முதலில் என்னை வருத்தியது. பின்னர்ச் சிந்திக்க வைத்தது. திருவல்லிக்கேணியில், எதிர்வீட்டுச் சிறுமிக்குத் தமிழ்ப்பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அண்டை வீட்டார்க்கு வங்கிப் படிவம் நிரப்பித் தந்தவர். இரண்டு நாள் காணாவிட்டால், காய்கறி விற்பவரே கதவைத் தட்டி நலம் கேட்பார். இங்கோ, நான் பள்ளியிலிருந்து திரும்பும்வரை அவர் வாய்திறந்து பேச ஆளில்லை. பேருந்து வசதி இங்கும் உண்டுதான். எனினும், கன்னடப் பெயர்ப்பலகையைப் படிக்க இயலாமலும், பிறரைக் கேட்கத் தயங்கியும் அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். இது மைசூருவின் குறை அன்று. கன்னடம் பேசும் முதியவர் ஒருவரைச் சென்னையில் குடியமர்த்தினாலும் நிலைமை இதுவே.

பெருநகரில் இரைச்சலும் நெரிசலும் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைச் சென்னை மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஆயினும், பேருந்து, கோயில், கடற்கரை, மருத்துவமனை ஆகியவை அருகருகே இருப்பதால், முதியோர் பிறர் துணையின்றித் தம் அலுவல்களைத் தாமே பார்த்துக்கொள்ள முடிகிறது. முதியோர்க்கென்றே தனி மருத்துவமனை ஒன்று 2024இல் கிண்டியில் திறக்கப்பட்டுள்ளது. தம் காலில் தாம் நிற்கிறோம் என்னும் உணர்வு, முதுமையில் மருந்தினும் சிறந்தது.

ஆங்கில எழுத்தாளர் ஆர். கே. நாராயண் வாழ்வும் இங்கு எண்ணத்தக்கது. 1906இல் சென்னையில் பிறந்த அவர், மைசூரு யாதவகிரியில் வீடு கட்டிப் பல்லாண்டுகள் வாழ்ந்தார். இவ்வூர்த் தெருக்களில் நடப்பதும், எதிர்ப்படுவோரோடு உரையாடுவதும் அவருக்கு விருப்பமானவை. அத்தகையவரே, முதுமையில் தம் குடும்பத்தாருக்கு அருகில் இருக்கச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 2001இல் அங்கேயே மறைந்தார். அவருடைய மைசூரு வீடு இன்று நினைவில்லமாக உள்ளது. ஊரை நேசித்தவரும் இறுதியில் உறவை நாடியே சென்றார்.

என் தாயார் திருவல்லிக்கேணிக்குத் திரும்பிவிட்டார். அவரைத் தனியே விட்டிருப்பது எனக்குக் கவலைதான். நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் நெஞ்சு துணுக்குறுகிறது. ஆனால், நாள்தோறும் மாலையில் பேசும்போது அவர் குரலில் பழைய உற்சாகம் கேட்கிறது. என் கவலை நீங்குவதற்காக அவருடைய மகிழ்ச்சியைப் பறிப்பது அன்பாகாது என்பதே நான் கற்ற பாடம்.

மாணவர்களே! பெற்றோரின் பணி காரணமாக ஊர் ஊராய் மாறும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் உங்களுள் பலர். உங்கள் தாத்தாவும் பாட்டியும் எங்கே வாழ வேண்டும் என்று பெரியவர்கள் பேசும்போது, நல்ல காற்றும் அமைதியும் போதும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். "உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று முதலில் அவர்களையே கேளுங்கள். தம்மைப் பெயர்சொல்லி அழைப்பவரும், தம் உதவியை எதிர்பார்ப்பவரும் உள்ள ஊரே முதுமைக்கு உகந்த ஊர்.