யார் செய்த பாவம்?

சில மாதங்களுக்கு முன் திண்டுக்கல் சமவெளிச் சிற்றூர் ஒன்றில் குழந்தைக்குத் திருமுழுக்கு வழங்கினோம். ஆயத்த எண்ணெய் பூச மார்பைத் திறக்கும்படி கூறியபோது தாய் தயங்கினார். துணி விலகியதும் தெரிந்தது: மார்பிலும் தோளிலும் அடர்ந்த உரோமம். மருத்துவர்கள் இதனைப் பிறவி மிகைமயிர் வளர்ச்சி என்பர். ஆனால் பின்வரிசையில் எழுந்த தீர்ப்பு வேறு. "சூலியாய் இருக்கையில் குரங்கைக் கண்டு பயந்திருப்பாள்" என்றார் ஒருவர். "பெற்றோர் செய்த பாவம்" என்றார் மற்றவர். இவர் நாள் தவறாமல் செபமாலை சொல்பவர்!

அறியாமல் பேசியதை ஏன் பெரிதாக்க வேண்டும் என்பர் சிலர். நாம் ஒப்போம். பிறவிக் குருடனைக் கண்ட சீடரும் இதே வினாவை எழுப்பினர். அவனையோ அவன் பெற்றோரையோ ஆண்டவர் குற்றஞ்சாட்டவில்லை. இதனைத் தவக்காலத்தில் வாசிக்கக் கேட்டவர்களே நாம். ஈசாக்கின் தலைமகன் ஏசாவும் உடலெங்கும் உரோமத்தோடு பிறந்தவனே. கூழுக்குத் தலைமகனுரிமையை விற்றதே அவன்மேல் மறைநூல் காணும் குறை. ஆட்டுத்தோலைப் போர்த்தி ஆசியைக் கவர்ந்தவனோ வழவழப்பான மேனியுடைய யாக்கோபு!

இக்குறை மரபணுவில் நிகழும் மாற்றத்தால் வருவது. சில குடும்பங்களில் இது எக்ஸ் குரோமோசோம் வழியே இறங்குவதை 1995-இல் ஆய்வாளர் கண்டனர். குரங்கைக் கண்ட அச்சம் மரபணுவைத் திருத்தி எழுதாது.

மெக்சிகோவின் ஜூலியா பஸ்திரானாவை மேடையேற்றிப் பணம் ஈட்டியவர் அவருடைய கணவரே. 1860-இல் மாஸ்கோவில் பிள்ளை பெற்ற சில நாள்களில் அவர் இறந்தார், சிசுவும் இறந்தது. அவ்விரு உடல்களையும் பதப்படுத்தச் செய்து, ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தார் கணவர்! நோர்வேயில் கிடந்த ஜூலியாவின் உடல், 2013 பிப்ரவரியில்தான் சினலோவா மண்ணில் கத்தோலிக்கத் திருப்பலியுடன் அடக்கமாயிற்று. ஒரு கல்லறைக்கு 153 ஆண்டுகள்!

அது அந்நாளைய கொடுமை என்று ஒதுக்கவும் இயலாது. மத்தியப் பிரதேசத்து இரத்லம் மாவட்ட இளைஞர் ஒருவரின் முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 201.72 உரோமங்கள் என எண்ணி, 2025-இல் கின்னஸ் நூலார் சாதனையாகப் பதிந்தனர். சிறுவயதில் பிற பிள்ளைகள் தம்மீது கல்லெறிந்ததை அவரே கூறியிருக்கிறார்.

நம் பின்வரிசையார் கல் எடுக்கவில்லை, மெய்தான். திருமுழுக்கு முடிந்ததும் பங்கு மக்கள் வரிசையாய் வந்து குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைவது அவ்வூர் வழக்கம். அன்று வந்தவர்கள் ஞானப்பெற்றோரும் பாட்டியும் மட்டுமே. மற்றவர்கள் தேநீருக்குப் போய்விட்டனர்.