சிட்டா கேட்கிறார்கள்

அடிவாரத்தில் பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போகிறவர்களே, வளைவுக்கு வளைவு நின்று படம் பிடிக்கிறீர்களே, அந்தக் காபித் தோட்டங்களின் கதையையும் கேட்டுவிட்டுப் போங்கள். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காபி நட்டார். அதற்கு முன்பே இந்தச் சேர்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் விளைவித்தவர்கள் மலையாளிப் பழங்குடிகளாகிய நாங்கள். எங்கள் உழவுக்காட்டுக்கும் கொத்துக்காட்டுக்கும் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாத பூமியெல்லாம் சர்க்கார் பூமி என்றான் வெள்ளைக்காரன். அதில் எஸ்டேட்டும் வந்தது, ரிசர்வ் காடும் வந்தது.

சுதந்திரம் வந்த பிறகாவது விடிந்ததா? 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் போட்டார்கள். குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970-ல் அதையும் 15 ஆக்கினார்கள். ஆனால் காபி, தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு! கீழே நெல் போட்டவனுக்கு அளவு உண்டு, மலையை வளைத்தவனுக்கு அளவே இல்லை. அடுக்குமா இது?

ரோமாபுரியிலும் பொது நிலத்தைப் பெரிய வீட்டுக்காரர்கள்தான் வளைத்தார்கள். ஆளுக்கு 500 யூகெரா, அதாவது சுமார் 310 ஏக்கர்தான் என்று பழைய சட்டம் இருந்தும் யாரும் மதிக்கவில்லை. கி.மு. 133-ல் திபேரியஸ் கிராக்கஸ் என்ற மக்கள் தலைவர் மிச்சத்தைப் பிடுங்கி நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் புறப்பட்டார். செனட்டர்கள் கூட்டமாக வந்து அவரை அடித்தே கொன்று ஆற்றில் வீசினார்கள்.

எங்களை யாரும் அடிக்கவில்லை. அலையவிட்டே சாகடிக்கிறார்கள். காட்டுமக்களுக்கு வரலாற்று அநீதி நடந்தது என்று 2006-ன் வன உரிமைச் சட்டமே ஒப்புக்கொண்டது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே உழுகிற காட்டுக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை என்றது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம், தன் உத்தரவு இல்லாமல் உரிமைச் சான்று தரக்கூடாது என்றது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை தமிழ்நாட்டில் சான்று வழங்குவது முடங்கிக் கிடந்தது. அதற்குள் சாட்சி சொல்லவேண்டிய எங்கள் கிழவர்கள் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

பெரியவர்களின் வாக்குமூலமும் சாட்சி, முன்னோரைப் புதைத்த இடமும் சாட்சி என்று அந்தச் சட்டத்தின் விதியே சொல்கிறது. என் தாத்தாவைப் புதைத்த இடத்தைக் காட்டுகிறேன் வாருங்கள் என்றேன். “சிட்டா, அடங்கல் இருக்கா?” என்று கேட்டார் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர். ஐயா, அது இருந்தால் உங்கள் வாசலில் ஏன் நிற்கிறேன்?

இன்னும் சில கிழவிகள் உயிரோடு இருக்கிறார்கள். கிராம சபையைக் கூட்டி அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். மலையேறி வந்து எங்கள் காட்டை அளந்து பட்டா கொடுங்கள்.