கிளவுடை வெளிநாட்டில் விற்பது எப்படி? கைகுலுக்கினா மட்டும் போதுமா பாஸ்?

டீக்கடையில் 15 ரூபாய்க்கு க்யூஆர் ஸ்கேன் பண்றீங்க. 'டிங்'னு சத்தம் வருது. அந்த பேமென்ட் விவரம் எங்கே போய் உட்காருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? இந்தியாவுக்குள்ளேதான். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு அப்படி. ஆப் எந்த நாட்டு கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி, உள்நாட்டுப் பணப் பரிவர்த்தனையின் டேட்டா இங்கேதான் சேமிக்கப்பட வேண்டும்.

இதையே வெளிநாட்டு கம்பெனி பக்கம் இருந்து பாருங்க. திருப்பூர் டி-ஷர்ட் என்றால் கன்டெய்னரில் ஏற்றி, கஸ்டம்ஸில் வரி கட்டி அனுப்பிவிடலாம். கிளவுட் என்பது வாடகைக்கு விடப்படும் கம்ப்யூட்டர். கப்பலும் வேண்டாம், கஸ்டம்ஸும் வேண்டாம். ஆனாலும் அது இன்னொரு நாட்டுக்குள் நுழைவது டி-ஷர்ட்டைவிடக் கஷ்டம். இதற்கு உதவத்தான் அரசுகள் வர்த்தகத் தூதுக்குழு, அதாவது 'டிரேட் மிஷன்', அனுப்புகின்றன. அது எவ்வளவு தூரம் உதவும்?

அரசாங்கமே தரகர் ஆனால்...

இந்த விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்டது அமெரிக்கா. அங்கே வணிகத்துறையின் கீழ் இருக்கும் சர்வதேச வர்த்தக நிர்வாகம், எந்த நாட்டுக்கு, எந்தத் துறைக்காகக் குழு போகிறது என்று அரசிதழில் அறிவிக்கும். கம்பெனிகள் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வானால் கட்டணமும் உண்டு. சின்ன கம்பெனிகளுக்குக் குறைவு. விற்கப்போகும் பொருளோ, சேவையோ அமெரிக்காவில் உருவானதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதில் குறைந்தது 51 சதவீதம் அமெரிக்கப் பங்கு இருக்க வேண்டும்.

மிச்சத்தை தூதரகம் பார்த்துக்கொள்ளும். அந்த ஊரில் யார் வாங்குவார்கள், யார் பார்ட்னராகச் சரிப்படுவார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து, நேருக்கு நேர் சந்திப்புகளை ஏற்பாடு செய்யும். நம்ம ஊர் கல்யாணத் தரகர் மாதிரிதான். ஜாதகம் பார்த்து, ரெண்டு குடும்பத்தையும் ஒரே ஹாலில் உட்கார வைப்பது வரை அவர் வேலை. அதுக்கப்புறம் உங்க பாடு.

அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுளுக்கு இந்த அறிமுகம் பெரிதாகத் தேவைப்படாது. அவர்கள் பெயர் சொன்னாலே கதவு திறக்கும். 40 பேர் வேலை செய்யும் ஒரு சைபர் பாதுகாப்பு கம்பெனிக்குத்தான் தூதரகத்தின் ஒரு போன்கால் பெரிய விஷயம். ஆனால், ஹாலில் கைகுலுக்கிய பிறகுதான் நிஜமான சுவர் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு மாணவர் போட்ட பிரேக்

ஐரோப்பாவைப் பாருங்க. அங்கிருந்து தனிப்பட்ட தகவல்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக 'சேஃப் ஹார்பர்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. மேக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரிய சட்ட மாணவர் ஃபேஸ்புக் மீது புகார் கொடுத்தார். அமெரிக்க உளவு அமைப்புகள் இணையத்தை எப்படிக் கண்காணிக்கின்றன என்பதை 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்தியிருந்தார். 'அப்போ என் தகவலுக்கு அங்கே என்ன பாதுகாப்பு?' என்பதுதான் ஷ்ரெம்ஸின் கேள்வி.

2015 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த ஏற்பாட்டையே செல்லாது என்றது. அவசரமாக 'பிரைவசி ஷீல்டு' என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2020 ஜூலையில் அதுவும் காலி. மூன்றாவது ஏற்பாடு 2023 ஜூலையில்தான் வந்தது. நடுவில் எத்தனை தூதுக்குழு போய் எத்தனை விருந்து சாப்பிட்டிருந்தாலும், ஒரு தீர்ப்பு வந்தால் ஒப்பந்தங்களைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

கொரியாவில் பூட்டு வேறு

தென் கொரியாவில் அரசு அலுவலகங்களுக்கு கிளவுட் விற்க, 2016-ல் அறிமுகமான ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அதன் முக்கிய நிபந்தனை, அரசுக்கான சர்வர்களும் நெட்வொர்க்கும் மற்ற வாடிக்கையாளர்களுடையதிலிருந்து முழுசாகப் பிரிந்திருக்க வேண்டும் என்பது. உலகம் முழுவதற்கும் ஒரே பாணியில் சேவை தரும் அமெரிக்க நிறுவனங்களுக்கு இது ஒத்துவரவில்லை. இது ஒரு வர்த்தகத் தடை என்று அமெரிக்க அரசு தன் வருடாந்தர அறிக்கைகளில் சொல்லிக்கொண்டே இருந்தது.

2023-ல் கொரியா அந்தச் சான்றிதழை மூன்று நிலைகளாகப் பிரித்து, கடைசி நிலைக்கு மட்டும் விதியைத் தளர்த்தியது. அதன் பிறகுதான் 2024 இறுதியில் மைக்ரோசாஃப்டும், 2025-ல் கூகுளும் அமேசானும் அந்தக் கடைசி நிலைச் சான்றிதழை வாங்கின. கிட்டத்தட்ட எட்டு வருஷம்! உலகின் ஆகப்பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், அந்த 40 பேர் கம்பெனியை நினைச்சுப் பாருங்க.

அவங்க பயம் நியாயமா?

'உள்ளூர் கம்பெனிகளைக் காப்பாற்றத்தான் இந்த விதியெல்லாம்' என்று ஒரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால், பயமும் சும்மா வந்ததில்லை. 2018-ல் வந்த அமெரிக்காவின் 'கிளவுட் ஆக்ட்' படி, முறையான சட்ட உத்தரவு இருந்தால் அமெரிக்க நிறுவனம் தன் கையில் இருக்கும் டேட்டாவைக் கொடுத்தாக வேண்டும். அது எந்த நாட்டு சர்வரில் இருந்தாலும் சரி. ஐரோப்பிய கிளவுட் சந்தையில் சுமார் 70 சதவீதம் மூன்று அமெரிக்க நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அப்படியென்றால் ஜெர்மனிக்காரரின் மருத்துவமனை ரிப்போர்ட் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது?

இன்னொன்று, உள்ளே போவது சுலபம். வெளியே வருவதுதான் செலவு. போன் மாற்றும்போது பழைய சாட் எல்லாத்தையும் நகர்த்தவே நாம படுற பாடு தெரியும்ல? ஒரு அரசாங்கமே மாற வேண்டுமென்றால்? அதனால்தான் ஐரோப்பாவின் 'டேட்டா ஆக்ட்', ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு வசூலிக்கும் கட்டணத்தை 2027 ஜனவரி முதல் தடை செய்கிறது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

நிறைய இருக்கு. சாஃப்ட்வேரை கிளவுட் வழியாக உலகத்துக்கு விற்கும் ஊர்களில் சென்னையும் ஒன்று. இங்கே வளர்ந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-ல் அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலானது. ஸோஹோ தன் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காக ஐரோப்பாவிலேயே டேட்டா சென்டர் வைத்திருக்கிறது. 'உங்க டேட்டா உங்க ஊரிலேயே இருக்கும்' என்று சொல்ல முடிவது பெரிய பலம். நாளைக்கு நீங்க ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தாலோ, ஆரம்பித்தாலோ, வெளிநாட்டு வாடிக்கையாளர் விலைக்கு முன்னாடி இதைத்தான் கேட்பார்.

அதனால், தூதுக்குழுவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்ன கம்பெனிகளை அழைத்துப் போகட்டும். கூடவே அந்த நாட்டின் டேட்டா சட்டம் தெரிந்த ஒரு வக்கீலையும், பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கத் தெரிந்த ஒருவரையும் விமானத்தில் ஏற்றட்டும். போட்டோவுக்குச் சிரிப்பதைவிட அவர்களின் வேலைதான் ஆர்டரைக் கொண்டுவரும்.

அடுத்த முறை ஒரு அமைச்சர் வெளிநாட்டில் கோட் சூட்டோடு கைகுலுக்கும் ரீல்ஸ் உங்க ஃபீடில் வந்தால், லைக் போடுவதற்கு முன்னாடி மூணே மூணு கேள்வி கேளுங்க. டேட்டா எங்கே இருக்கும்? எந்த நாட்டுச் சட்டம் அதைத் தொடும்? பிடிக்கலைன்னா வெளியே வர முடியுமா? நாம விற்கப் போனாலும், நம்மகிட்ட விற்க வந்தாலும் கேள்வி ஒண்ணுதான்.