வலப்புறத் தடம் யாருக்கு?

கொச்சி மட்டாஞ்சேரியின் குறுகிய பஜார் சாலையில் எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கி நின்று வழிவிடும் ஓட்டுநர்கள், குண்டன்னூரில் தேசிய நெடுஞ்சாலையை அடைந்ததும் வலப்புறத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்கின்றனர். பின்னால் வருபவர் பொறுமையிழந்து இடப்புறமாக முந்துகிறார். விபத்துக்கு வேறென்ன வேண்டும்? தமிழகப் பதிவெண் லாரிகளும் இதற்கு விலக்கல்ல.

இடப்புறமாகச் செல்ல வேண்டும், வலப்புறமாகவே முந்த வேண்டும் என்கின்றன 2017-ம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகள். மீறினால் ரூ.500 முதல் ரூ.1,000 வரை அபராதம் விதிக்க 2019-ல் நாடாளுமன்றம் சட்டத்தையும் திருத்தியது. ஆனால், அபராதம் பழக்கத்தைக் கற்றுத் தராது.

முந்துவதையும், முந்த வழிவிடுவதையும் உரிமத் தேர்வில் சோதிக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே கூறுகின்றன. மைதானத்தில் கம்புகளுக்கிடையே 'எச்' போட்டுக் காட்டுவதில் இதை எப்படி அறிவது? பல தடச் சாலையில் ஓட்டிக் காட்டியவருக்கே உரிமம் என மத்திய அரசு விதியைத் திருத்த வேண்டும்.