விலாசத்துக்கு விலை கொடுக்கலாமா?



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், கெலவரப்பள்ளியில் நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறை மளிகைக்காரர் ஒருவர் இரண்டு வாரமாகப் பணம் கட்டவில்லை. பல ஆண்டுகளாகச் சனிக்கிழமை தவறாமல் கணக்கு முடிப்பவர். என்னவோ ஏதோ என்று நேரில் போனோம். அவர் ஒன்றும் பேசாமல் பற்று நோட்டை எடுத்து நம் முன்னால் வைத்தார். பாக்கிக்காரர்களில் முதலில் இருந்தவர் அதே ஊரில் பிளம்பிங் வேலை செய்யும் ஒரு தம்பி. மூன்று மாதப் பாக்கி. குடி, சீட்டு என்று எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத உழைப்பாளி அவர்.

ஆளை வரவழைத்துக் கேட்டோம். "ஐயா, போன் நல்லாத்தான் அடிக்குதுங்க. வேலைதான் வரமாட்டேங்குது" என்றார்.

விஷயம் இதுதான். வாடிக்கையாளரைப் பிடித்துத் தருவதாகச் சொல்லி ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து பேசியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ரூ.18,000. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.21,240. கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டார் தம்பி. கைமாற்றை அடைக்க மளிகைப் பாக்கி நின்றது. மளிகைப் பாக்கி நின்றதால் நம் பாக்கியும் நின்றது. ஒரு பிளம்பர் ஏமாந்தால் நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்வாறு விற்கப்படும் விசாரிப்புக்கு 'லீட்' என்று பெயர். "எங்கள் வீட்டில் குழாய் ஒழுகுகிறது, ஆள் வேண்டும்" என்று ஒருவர் செல்போனில் தேடுகிறார். அவருடைய பெயரையும் எண்ணையும் தொழிலாளிக்குக் கொடுப்பதற்குத்தான் கட்டணம். சில நிறுவனங்கள் ஒவ்வொரு விசாரிப்புக்கும் தனித்தனியே பணம் எடுக்கின்றன. சில, மாதத்துக்கோ ஆண்டுக்கோ மொத்தமாக வாங்கிக்கொண்டு பட்டியலில் மேலே பெயரைப் போடுகின்றன.

இந்தத் தொழில் நேற்று முளைத்ததல்ல. ஜஸ்ட் டயல் 1996இல் மும்பையில் தொடங்கியது. தொலைபேசியில் கேட்டால் விலாசம் சொல்லும் சேவையாக இருந்து, பின் இணையத்துக்கு வந்தது. 2021இல் அதன் பெரும் பங்கை ரிலையன்ஸ் ரீடெய்ல் வாங்கியது. அந்தப் பெயரை மளிகைக்காரர்களுக்கு நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை! சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுலேகாவும் இந்தத் துறையில் பழையது. விலாசம் விற்பதற்குக் கோடிக்கணக்கில் முதல் போடுகிறார்கள் என்றால், விற்பவருக்கு அதில் ஆதாயம் இருப்பது உறுதி. வாங்குபவருக்கு உண்டா என்பதுதான் நம் கேள்வி.

அதற்கு வாய்ப்பேச்சு உதவாது, கணக்குதான் பேச வேண்டும். அந்தத் தம்பியைக் கடைத் திண்ணையில் உட்காரவைத்து, அவருடைய செல்போனில் இருந்த இரண்டு மாத அழைப்புகளை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினோம். மொத்தம் 40 விசாரிப்புகள். அவற்றில் 14 பேர் போனை எடுக்கவில்லை, அல்லது வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். 11 பேர் விலை மட்டும் கேட்டார்கள். 6 பேர் எல்லைக்கு அப்பால் சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம். ஒரு வாஷர் மாற்ற அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டிப் போனால் பெட்ரோல் காசு கூடத் தேறாது. மீதி 9 இடங்களுக்கு நேரில் போனார். 5 இடத்தில் வேலை கிடைத்தது. சாமான் செலவும் பெட்ரோலும் போக ஐந்திலும் சேர்த்துக் கையில் நின்றது ரூ.3,400.

இரண்டு மாதத்துக்கு உரிய கட்டணம் ரூ.7,080. அதாவது ஒரு வேலையைப் பிடிக்கச் செலவு ரூ.1,416, அந்த வேலையில் நின்றது ரூ.680. ஒரு ரூபாய்ப் பொருளை இரண்டு ரூபாய்க்குக் கொள்முதல் செய்தவர் எத்தனை மூட்டை விற்றால்தான் என்ன? விற்க விற்க நட்டம்தானே!

நம் மண்டி வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மண்டியில் தரகு உண்டு. ஆனால் சரக்கு விற்ற பிறகுதான் தரகு. சரக்கு விற்காவிட்டால் தரகருக்கும் ஒன்றும் கிடையாது என்பதால் அவரும் விற்க முயல்வார். இங்கோ பணம் முன்னால், வேலை பின்னால். மேலும் ஒரே விசாரிப்பை மூன்று நான்கு பேருக்குக் கொடுப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஒரே மூட்டையை நான்கு பேருக்கு விற்றால் நம் சங்கம் சும்மா விடுமா?

ஜி.எஸ்.டி. சமாசாரமும் இருக்கிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு ரூ.20 லட்சத்துக்குள் இருப்பவர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள வழி கிடையாது. காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கும் நம் சிறு கடைக்காரர்களுக்கும் இதே நிலைதான். ஆகவே கட்டணத்தைப் பார்க்கும்போது வரியையும் சேர்த்தே செலவாக எழுத வேண்டும்.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஹோம் அட்வைசர் என்ற நிறுவனம் வீட்டு வேலை ஒப்பந்தக்காரர்களுக்கு லீட் விற்று வந்தது. லீட்டுகளின் தரத்தையும், அவை வேலையாக மாறும் வாய்ப்பையும் மிகைப்படுத்திச் சொன்னதாக அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் 2022 மார்ச்சில் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. 2023இல் 72 லட்சம் டாலர் வரை கொடுக்க அந்த நிறுவனம் உடன்பட நேர்ந்தது. படித்தவர் நிறைந்த நாட்டிலேயே இப்படி என்றால், கெலவரப்பள்ளித் தம்பியைக் குறை சொல்லி என்ன பயன்?

வேலை முடிந்தபின் கமிஷன் என்ற முறை நல்லதல்லவா என்று சிலர் கேட்கலாம். 2014இல் அர்பன்கிளாப் என்று தொடங்கி, 2020இல் அர்பன் கம்பெனி என்று பெயர் மாறிய நிறுவனம் முதலில் லீட் விற்றுத்தான் பார்த்தது. பிறகு கமிஷன் முறைக்கு மாறியது. முன்பணம் முடங்காது என்ற அளவில் அது மேல். ஆனால் விலையையும் விதியையும் நிறுவனமே வகுக்கும். 2021 அக்டோபரில் குருகிராமில் அதன் அழகுக்கலைப் பெண்கள், கமிஷன் அதிகம் என்று அலுவலகத்தின் முன் கூடிப் போராடினார்கள். தனக்கென்று தொழில் வைத்திருந்தவர் பிறர் கடையில் ஆளாக மாறும் வழி அது என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் பணம் கட்டும் சேவைகள் எல்லாமே வீண் என்று நாம் தீர்ப்பு எழுதிவிடவில்லை. ஓசூரிலேயே தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் ஒருவர் இதே போன்ற சேவைக்குப் பணம் கட்டி, லாபமும் பார்க்கிறார். அவர் தொழில் வேறு வகை. ஒரு முறை போன அடுக்குமாடிக் குடியிருப்பு ஆறு மாதம் கழித்து மறுபடி கூப்பிடுகிறது. போனை எடுக்க வீட்டம்மா இருக்கிறார். நான்கு ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். பிளம்பர் தம்பியோ கையெல்லாம் சிமெண்டாக இருக்கும்போது போன் அடித்தால் எப்படி எடுப்பார்? அவர் திருப்பி அழைப்பதற்குள் வேறொருவர் வேலையைத் தொடங்கிவிடுகிறார்.

ஆக நாம் கண்ட முடிவு இது. வேலை பெரிதாக இருக்க வேண்டும், அல்லது திரும்பத் திரும்ப வர வேண்டும். உடனே போன் எடுக்க ஆள் வேண்டும். இவை இருப்பவருக்கு லீட் ஒரு முதலீடு. தனி ஆளாகச் சில்லறை ரிப்பேர் பார்ப்பவருக்கு அது வட்டிக்கு வாங்கிய வம்பு.

அப்படியும் முயன்று பார்க்க விரும்புபவருக்குச் சில யோசனைகள். கூகுள் மேப்பில் தொழில் பெயரைப் பதிய ஒரு காசும் வேண்டாம். முதலில் அதைச் செய்யட்டும். பெரும்பாலான விலாச நிறுவனங்களிலும் இலவசப் பதிவு உண்டு. பணம் கட்டினால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டட்டும். ஒரு விசாரிப்பு எத்தனை பேருக்குப் போகும், எந்தப் பகுதிக்குள் வரும், தவறான எண் வந்தால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கட்டும். விற்க வந்தவர் வாயால் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கடினம். வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் அனுமதிக்குப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். முக்கியமாக, எத்தனை போன் வந்தது என்று பார்க்காமல், கட்டிய பணத்தை முடிந்த வேலைகளால் வகுத்துப் பார்க்கட்டும். இந்தியாமார்ட் போன்றவற்றில் பணம் கட்டும் மொத்த வணிகர்களாகிய நமக்கும் இதே அளவுகோல்தான்.

இனி நம் கடமைக்கு வருவோம். அரைக்கிலோ துவரம்பருப்பு வாங்க வரும் அம்மாள், பொட்டலம் கட்டும் நேரத்தில் "குழாய் ஒழுகுதுங்க, நல்ல ஆளா ஒருத்தரைச் சொல்லுங்க" என்று நம்மிடம்தானே காலங்காலமாகக் கேட்டு வந்தார்? இன்று சிப்காட் வேலைக்கும் பெங்களூர் வேலைக்குமாகப் புதிய மனைப்பிரிவுகளில் குடிவந்தவர்கள் கடைப்படியே ஏறுவதில்லை. பருப்பும் போனில், பிளம்பரும் போனில். அவர்களை நம் பக்கம் திருப்ப ஒரு பலகை போதும். பகுதியில் உள்ள பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர் ஆகியோரின் பெயரையும் எண்ணையும், அவர்கள் சம்மதத்தோடு, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி வாசலில் மாட்டுங்கள். ஆள் தேடி வருபவர் அரிசியும் வாங்கிப் போவார்.

இரண்டு எச்சரிக்கை. இதற்குக் கமிஷன் கேட்காதீர்கள். கேட்டால் நாமும் விலாச வியாபாரிதான். வேலை தெரியாதவர் பெயரைத் தயவுக்காகப் போடாதீர்கள். அவர் செய்யும் கோளாறுக்கு அந்த அம்மாள் நம் கடையில் வந்துதான் நிற்பார். அந்தப் பயம் நமக்கு இருப்பதால்தான் நம் சொல்லுக்கு மதிப்பும் இருக்கிறது.

கெலவரப்பள்ளித் தம்பி ஆறு மாதம் முடிந்ததும் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. மளிகைக்காரர் கடை வாசலில் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. பழைய பாக்கி இன்னும் முழுதாகத் தீரவில்லை. மாதம் ஆயிரமாகக் குறைந்து வருகிறது. மளிகைக்காரர் சனிக்கிழமைகளில் மறுபடி நம்மிடம் கணக்கு முடிக்கிறார். அவரவர் பகுதியில் இப்படிச் சிக்கி நிற்கும் தொழிலாளி யார் என்று, இந்த வாரம் உங்கள் பற்று நோட்டையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.