தழை அரைக்கும் இயந்திரங்களின் பழுதுநீக்கத்திற்கும் பராமரிப்புக்கும் வட்டார அளவில் நிலையான ஏற்பாடு கோரும் மனு

அனுப்புநர்:
முந்திரி சாகுபடியாளர்களும் இயந்திர உரிமையாளர்களும் சேர்ந்த சங்கத்தின் தலைவர், செயலாளர்,
வரதராஜன்பேட்டை, அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், அரியலூர்.

நகல்:
வேளாண்மைப் பொறியியல் துறை செயற்பொறியாளர், அரியலூர்;
மாவட்ட வன அலுவலர், அரியலூர்.

பொருள்: முந்திரிக் கவாத்துக் கழிவையும் சீமைக் கருவேலத்தையும் அரைக்கும் இயந்திரங்களுக்கு உதிரிபாகம், பணிமனை, பயிற்சி ஆகியவை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஆண்டிமடம் வட்டாரத்தைச் சேர்ந்த வரதராஜன்பேட்டையிலும் அதன் சுற்றூர்களிலும் செம்மண் மேட்டுநிலங்களில் முந்திரியே முதன்மைப் பயிர். சித்திரை, வைகாசியில் கொட்டை பொறுக்கி முடிந்தபின், காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று பின்னி வெயிலை மறைக்கும் கிளைகளையும் வெட்டிக் கழிப்பது கவாத்து எனப்படும். பருத்த கிளைகள் விறகாகிவிட, எஞ்சும் மிலாறும் தழையும் காட்டின் நடுவே குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் கொளுத்தினால் மேல்மண்ணின் மக்கு எரிந்துபோகிறது. அருகில் நிற்கும் மரங்களின் தாழ்ந்த கிளைகளும் கருகுகின்றன. அதே கழிவை அரைத்து மரத்தடியில் பரப்பினால், அது மண்ணின் ஈரத்தைக் காக்கும் மூடாக்காகி, களையை அடக்கி, நாளடைவில் எருவாகிறது. இவ்வேலையைச் செய்வதே மல்ச்சர் என்று வழங்கப்படும் தழை அரைக்கும் இயந்திரமாகும்.

இவ்வியந்திரத்திற்கு இம்மாவட்டத்தில் இன்னொரு வேலையும் உண்டு. வேலிகாத்தான் என்று மக்கள் சொல்லும் சீமைக் கருவேலம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அன்றைய சென்னை மாகாணத்திற்குள் கொண்டுவரப்பட்டு, பின்னர் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் தரிசுகளிலும் அடர்ந்தது. முதலாம் இராசேந்திரன் அமைத்த சோழகங்கம் என்னும் பொன்னேரியும் இதற்குத் தப்பவில்லை. இத்தகைய அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டிருப்பதால், புதர் அரைக்கும் இயந்திரங்களின் தேவை இனிவரும் ஆண்டுகளில் கூடுமேயன்றிக் குறையாது.

2014-15 முதல் நடைமுறையில் உள்ள வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் கருவிகளை மானியத்தில் பெற வழிசெய்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகைத் திட்டம் அவற்றை உழவன் செயலி வழியாகவே பதிவு செய்ய இடமளிக்கிறது. இயந்திரத்தை நிலம்வரை கொண்டுவந்து சேர்க்கும் இவ்வேற்பாடுகளை இச்சங்கம் நன்றியுடன் ஏற்கிறது. வந்து சேர்ந்த இயந்திரம் பருவத்தின் நடுவே நின்றுவிட்டால் அதை வட்டாரத்திலேயே மீண்டும் ஓடவைக்கும் ஏற்பாடும் அவற்றோடு சேர வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

பழுதுகளின் தன்மையும் காரணங்களும்

முதல் காரணம் கருவித் தேர்வில் உள்ளது. வைக்கோலையும் கரும்புத் தோகையையும் அரைப்பதற்கென அமைந்த இலகுவான மல்ச்சரை முந்திரிக் கிளையிலோ வேலிகாத்தான் தூரிலோ செலுத்தினால், அதன் பற்களும் கியர்ப் பெட்டியும் அவ்வளவு சுமையைத் தாங்குவதில்லை. மரம் அரைப்பதற்குரிய வனவகை இயந்திரத்தில் தடித்த எஃகு உருளையும், அதன்மேல் அசையாது பொருத்தப்பட்ட பற்களும், போதிய குதிரைத்திறனும் அமைந்திருக்கும். எந்தக் கருவி எவ்வளவு பருமனுள்ள மரத்திற்கு ஏற்றது என்பது மானியப் பட்டியலிலும் வாடகைப் பதிவிலும் தெளிவாகக் குறிக்கப்பட்டால் பழுதுகளில் ஒரு பகுதி தோன்றாமலே தடுக்கப்படும்.

இரண்டாவது, பற்களின் தேய்மானம். டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான உலோகச் சேர்மத்தை முனையில் பதித்த பற்கள் மண்ணிலும் தூசியிலும் நீண்ட நாள் உழைப்பவை. எனினும் சரளைக்கல், எல்லைக்கல், புதருக்குள் மறைந்த வேலிக்கம்பி ஆகியவற்றில் மோதினால் முனை சிதறிவிடும். கத்தி வகைப் பற்கள் மரத்தை நன்கு சீவுபவை. தீட்டி மீண்டும் பயன்படுத்தத் தக்கவை. ஆனால் செம்மண் பட்டால் விரைவில் மழுங்குபவை. மழுங்கிய பல் மரத்தை வெட்டாமல் அடித்து நசுக்குவதால் டீசல் செலவு கூடுகிறது, இன்ஜின் திணறுகிறது, பெல்ட் வழுக்கிச் சூடேறுகிறது. ஆகவே இன்ஜின் இழுக்கவில்லை என்ற புகார் எழும்போது முதலில் சோதிக்க வேண்டியது பற்களே.

மூன்றாவது, உருளையின் எடைச் சமநிலை குலைதல். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு, அதாவது பின்புறம் இணைக்கும் கருவிக்கு விசையைக் கடத்தும் சுழல்தண்டு, பெரும்பாலும் நிமிடத்திற்கு 540 சுற்று சுழல்கிறது. கியர்ப் பெட்டியும் பெல்ட்டும் அதைப் பெருக்கி உருளையை 2,000 சுற்று அளவுக்குச் சுழற்றக்கூடும். அந்த வேகத்தில் 25 செ.மீ. ஆரத்தில் பொருத்திய 1 கிலோ எடையுள்ள ஒரு பல் கழன்றுவிட்டால், ஏறத்தாழ 1,100 கிலோ எடைக்கு நிகரான விசை உருளையை ஒருபக்கமாக இழுக்கும். அதன் அதிர்வில் பேரிங் உடைந்து, பற்றவைப்பு விரிசல் கண்டு, போல்ட்டுகள் தளர்ந்துபோகின்றன. இதனால்தான் ஒரு பல்லை மாற்றும்போது அதற்கு எதிர்ப்புறப் பல்லையும் சம எடையில் மாற்ற வேண்டும் என்பதும், அதிர்வு தோன்றியவுடன் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பதும் பராமரிப்பின் அடிப்படை விதிகளாகின்றன.

நான்காவது, வெப்பமும் தூசியும். அரைபட்ட தழைத்தூள் ரேடியேட்டரின் கண்களை அடைத்துவிடுவதால், நாளுக்கு இருமுறையாவது காற்றழுத்தத்தால் உட்புறமிருந்து வெளிப்புறமாக ஊதி அதைச் சுத்தம் செய்ய வேண்டியுள்ளது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் எண்ணெயின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது நீர்த்துவிடும். சீல்கள் இறுகி வெடிக்கும். உருளையின் வேகம் தளரும். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாமலும், ஓஸ் இணைப்பைத் துடைக்காமல் கழற்றிப் பூட்டியும் எண்ணெயில் மண் கலக்கவிட்டால், ஒரு வடிகட்டியின் விலையில் முடிய வேண்டிய செலவு பம்ப்பின் விலைக்கு உயர்ந்துவிடும். முந்திரி பிசின் வடிக்கும் மரமாதலால், பிசினும் தூசியும் சேர்ந்து உருளையின் ஓரங்களில் இறுகாமல் அன்றன்றே சுரண்டி எடுப்பதும், பேரிங்குகளுக்கு 8 முதல் 10 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பதும் இன்றியமையாதவை. இன்ஜின் மேல் படியும் சருகு தீப்பற்றக்கூடும் என்பதால் தீயணைப்பான் இல்லாத இயந்திரம் முந்திரிக்காட்டிற்குள் இறங்கவே கூடாது.

பருவ நெருக்கடி

அறுவடை முடியும் ஜூன் மாதத்திற்கும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கும் இடைப்பட்ட காலமே கவாத்துக் கழிவை அரைப்பதற்கு ஏற்றது. ஒரு பேரிங்குக்காகவோ ஓஸுக்காகவோ வெளியூர் சென்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் இக்குறுகிய காலத்திலிருந்தே கழிகிறது. காத்திருக்க இயலாத விவசாயி மீண்டும் தீக்குச்சியை நாடுகிறார். எனவே பழுதுநீக்கத்தில் ஏற்படும் தாமதம் இயந்திர உரிமையாளரின் வாடகை இழப்போடு நிற்பதில்லை. எந்த நோக்கத்திற்காக மானியம் வழங்கப்பட்டதோ அந்த நோக்கத்தையே அது வீணாக்குகிறது.

கோரிக்கைகள்

1. ஆண்டிமடம் வட்டாரத்தில், ஓஸ் அழுத்திப் பூட்டும் கருவி, பேரிங் கழற்றும் அழுத்தி, பல் தீட்டவும் பற்றவைக்கவும் வேண்டிய வசதி, உருளையின் சமநிலை காணும் வசதி ஆகியவற்றுடன் கூடிய பராமரிப்பு மையம் ஒன்று அமைக்கப்பட வேண்டும்.

2. பற்கள், போல்ட்டுகள், பேரிங், பெல்ட், வடிகட்டி, பி.டி.ஓ. தண்டின் கிராஸ், மிகைச்சுமையில் தான் முறிந்து கியர்ப் பெட்டியைக் காக்கும் ஷியர் போல்ட் ஆகியவை அம்மையத்தில் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். மானியத்தில் விற்கும் நிறுவனங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உதிரிபாகம் வழங்க ஒப்புக்கொள்வது விற்பனை நிபந்தனையாக்கப்பட வேண்டும்.

3. ஜூன் முதல் செப்டம்பர் வரை, அழைத்த நாளிலேயே முந்திரிக்காட்டிற்கு வந்து பழுது பார்க்கும் நடமாடும் ஊர்தி ஒன்று இவ்வட்டாரத்திற்கு ஒதுக்கப்பட வேண்டும்.

4. ஆண்டிமடம் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தின் துணையுடன் இயக்குநர்களுக்கும் உள்ளூர் லேத் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். அறிகுறி, காரணம், தீர்வு என மூன்று பத்தியில் படங்களுடன் அமைந்த தமிழ்க் கையேடு ஒவ்வோர் இயந்திரத்துடனும் வழங்கப்பட வேண்டும்.

5. வாடகைக்கு விடப்படும் இயந்திரங்களில் ஓட்டமணி காட்டும் மீட்டரும் பராமரிப்பு ஏடும் கட்டாயமாக்கப்பட வேண்டும். கிரீஸ் அடிப்பதற்கும் சுத்தம் செய்வதற்கும் செலவாகும் நேரம் வேலைநேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். வாடகை ஓடும் மணிக்கு மட்டுமே என்றால் பராமரிப்பைத் தள்ளிப்போடவே தூண்டுதல் உண்டாகும்.

6. ஏரிகளிலும் பொது நிலங்களிலும் வேலிகாத்தான் அகற்றும் ஒப்பந்தங்களில், இயந்திரம் இறங்குமுன் கல்லும் கம்பியும் அகற்றப்படுவது நிபந்தனையாக வேண்டும். தரைக்கு மேல் அரைத்துவிடுவதால் மட்டும் இம்மரம் அழியாமல் அடித்தூரிலிருந்து மீண்டும் தழைப்பதால், தூரைத் தோண்டி எடுப்பதும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட வேண்டும்.

7. தண்டு மற்றும் வேர்த்துளைப்பான் தாக்கிய முந்திரி மரங்களை அரைத்துத் தோட்டத்திலேயே பரப்பாமல் தனியே அப்புறப்படுத்துமாறு தோட்டக்கலைத் துறை வழியாக அறிவுறுத்தப்பட வேண்டும்.

8. சிதறும் கல்லும் கட்டையும் வெகுதூரம் பாய்வதால், வேலை நடக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டருக்குள் ஆளோ ஆடுமாடோ வராமல் காப்பதும், தடுப்புச் சங்கிலியும் தகடும் இன்றி இயந்திரத்தை இயக்காமையும் விதியாக்கப்பட வேண்டும்.

9. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர் மாவட்ட முந்திரிக்காடுகளைச் சாய்த்ததை நினைவில் கொண்டு, பேரிடர்க் காலத்தில் உடனே இறக்கத்தக்க நிலையில் சில இயந்திரங்கள் ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் சோதித்து ஆயத்தமாக வைக்கப்பட வேண்டும்.

மேற்கண்டவற்றுள் 4, 5, 7, 8 ஆகிய கோரிக்கைகள் பெருஞ்செலவின்றி ஆணை வழியாகவே நிறைவேறத்தக்கவை. எஞ்சியவற்றுக்கு நிதி ஒதுக்கீடு வேண்டியிருப்பதால், முதற்படியாக மாவட்டத்தில் உள்ள இவ்வகை இயந்திரங்களையும் அவற்றுள் ஓடாமல் நிற்பவற்றையும் கணக்கெடுத்து, வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அக்கணக்கை வைத்து விவாதிக்க ஆவன செய்யுமாறும், அடுத்த கவாத்துப் பருவத்திற்கு முன்பாகப் பராமரிப்பு மையத்திற்கான இடத்தையேனும் முடிவு செய்யுமாறும் இச்சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: வரதராஜன்பேட்டை