பாட வரிசை யாருக்காக?

கணினித் துறையில் சாதி இல்லை என்கிறார்கள். புரோகிராம் எழுதியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று இயந்திரம் கேட்பதில்லையாம். உண்மைதான், இயந்திரம் கேட்பதில்லை. ஆனால் எதை முதலில் கற்பிப்பது, எந்தப் புத்தகத்தை வைப்பது என்று முடிவு செய்வது மனிதர்கள். அப்படி முடிவு செய்யும்போது அவர்கள் மனதில் இருந்த மாணவர் யார் என்பதுதான் நம் கேள்வி.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன்படி பொறியியல் சேர்ந்த எல்லோருக்கும் முதல் செமஸ்டரில் பைத்தான். பாடநூல் ஆலன் டவுனியின் 'திங்க் பைத்தான்'. நல்ல தேர்வு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, முன்பின் பழக்கமில்லாதவருக்காகவே எழுதப்பட்டது. முதல் அத்தியாயத்திலேயே மாணவரைப் பைத்தானை இயக்கிப் பார்க்க வைக்கிறது.

ஆனால் பாடத்திட்டம் அந்தப் புத்தகத்தின் வழியில் போகவில்லை. முதல் அலகு முழுக்க அல்காரிதம், ஃப்ளோசார்ட், சூடோகோட், ரிகர்ஷன், ஹனோய் கோபுரப் புதிர். எல்லாம் தாளில். பைத்தான் இரண்டாம் அலகில்தான் வருகிறது. ரிகர்ஷன் என்பது ஒரு ஃபங்ஷன் தன்னையே மறுபடி அழைப்பது. அதைப் பைத்தானில் எழுதிப் பார்க்கும் இடம் மூன்றாம் அலகு. அதாவது ஒரு வரி புரோகிராம்கூட எழுதாதவரிடம் ரிகர்ஷனைப் புரிந்துகொள்ளச் சொல்கிறோம். மாநிலப் பாடத்திட்டத்தின் 12ஆம் வகுப்பு நூலும் இப்படித்தான். ஃபங்ஷன், தரவு அருவமாக்கம், வரையெல்லை, அல்காரிதம் என்று நான்கு பாடங்களைக் கடந்த பிறகே பைத்தான் வருகிறது.

இந்த வரிசையில் யார் தப்பிக்கிறார்? பள்ளியில் கணினி அறிவியல் பிரிவு எடுத்தவர், வீட்டில் லேப்டாப் இருப்பவர், கேட்டால் சொல்லித்தர அண்ணனோ அக்காவோ இருப்பவர். யார் விழுகிறார்? உயிரியல் பிரிவு படித்தவர், தமிழ்வழியில் படித்தவர், அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குள் வந்தவர். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் நாங்கள் சந்திக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இவர்கள்தான். முதல் செமஸ்டரில் ஓர் அரியர் விழுந்ததும் "கோட்டாவில் வந்தவங்க இப்படித்தான்" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. பாட வரிசையின் கோளாறு மாணவரின் தகுதிக் குறைவாக எழுதப்படுகிறது.

"சி மொழியில் தொடங்கினால்தான் அஸ்திவாரம் பலமாக இருக்கும்" என்பவர்களும் உண்டு. அவர்கள் தூக்கிப் பிடிக்கும் கெர்னிகன், ரிட்சி நூல் அருமையான நூல்தான். ஆனால் அது தொடக்கநிலை நூல் அல்ல, வேரியபிள், லூப், ஃபங்ஷன் பற்றி ஓரளவு தெரிந்தவருக்கானது என்று 1978-லேயே அந்த ஆசிரியர்கள் முன்னுரையில் சொல்லிவிட்டார்கள். அதைப் புதியவர் கையில் கொடுத்துவிட்டு 'புரியவில்லையா, நீ லாயக்கில்லை' என்பது கற்பித்தல் அல்ல. அது வடிகட்டல்.

இது நம் ஊரோடு நிற்கும் கதையும் அல்ல. ஜேன் மார்கோலிஸ் 2008-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அரசுப் பள்ளிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 'ஆழமில்லாத பக்கத்தில் சிக்கியவர்கள்' என்பது அதன் தலைப்பின் பொருள். அமெரிக்காவில் கறுப்பின மக்களைப் பல நீச்சல் குளங்களுக்குள் விடவில்லை. பிறகு, அவர்களுக்கு நீச்சல் வராது, உடல்வாகே அப்படி என்றார்கள். கணினி அறிவியலிலும் அதேதான் நடக்கிறது என்று அவர் காட்டினார். கறுப்பின, லத்தீன் பிள்ளைகளின் பள்ளிகளில் கணினி இருந்தது, டைப்பிங்கைத் தாண்டிய பாடம்தான் அரிதாக இருந்தது. 1927-ல் மகாத் சவுதார் குளத்துத் தண்ணீருக்காகப் பாபாசாகேப் நடந்த வரலாறு தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாற்ற முடியுமா? முடியும். கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி 2006 வாக்கில் முதல் பாடத்தை மாற்றியது. ஜாவாவை விட்டுப் பைத்தானுக்கு வந்தது. முன்அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு பிரிவு, இல்லாதவர்களுக்கு ஒரு பிரிவு என்று வைத்தது. செமஸ்டர் முடிவில் இரு பிரிவும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. இதோடு வேறு சில மாற்றங்களும் சேர்ந்து, கணினி அறிவியலில் 10 சதவீதத்தை ஒட்டியிருந்த பெண்களின் பங்கு சில ஆண்டுகளில் 40 சதவீதத்தை எட்டியது. அந்தப் பெண்கள் திடீரென்று புத்திசாலிகள் ஆகிவிடவில்லை. வாசல்தான் திறந்தது.

'தனிப் பிரிவா?' என்று நம் தோழர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். இரட்டைக் குவளையைப் பார்த்த சமூகம் நாம். அதனால் நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்வோம். பிரிப்பது புரோகிராமிங் அனுபவத்தை மட்டும் வைத்து. சாதி, மதிப்பெண், பயிற்றுமொழி எதையும் வைத்து அல்ல. ஆசிரியரின் தரம் ஒன்று, தேர்வு ஒன்று, சான்றிதழ் ஒன்று. இரண்டாம் செமஸ்டரிலிருந்து எல்லோரும் ஒரே வகுப்பு. இதில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

நம் மற்ற கோரிக்கைகளும் பெரியவை அல்ல. முதல் வாரமே லேப். எழுதி இயக்கிப் பார்த்த பிறகு அல்காரிதம். முதல் பாடநூல் புதியவருக்கானதாகவும் இலவசமாகவும் இருக்கட்டும். கூடவே தமிழ் விளக்கமும் ஆங்கிலக் கலைச்சொல்லும் அருகருகே உள்ள கையேடு. பாடத்திட்டக் குழுவில் முதல் தலைமுறை மாணவரின் குரல்.

இடஒதுக்கீடு நம்மைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்திருக்கிறது. உள்ளே என்ன வரிசையில் என்ன கற்பிக்கிறார்கள் என்பதும் சமூகநீதிதான். தோழர்களே, உங்கள் துறையின் பாடத்திட்டத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். எந்த அலகில் யார் விழுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்தப் பட்டியலோடு துறைத்தலைவர் அறைக்குச் சேர்ந்தே போங்கள்.